மிளகாய் நாத்து போடுற நிழல்வலைக்குள்ள நல்ல பூச்சிய குடியேத்துறது எப்படி

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கம் நெட் ஹவுஸ் (நிழல்வலை கூடாரம்) போட்டவங்க பலரும் வலை இருக்கே பூச்சி வராதுன்னு நெனைக்கிறாங்க, ஆனா அசுவினி (செடிச்சாற உறிஞ்சுற குட்டிப் பூச்சி) எப்படியாச்சும் உள்ள வந்துரும், அத தின்ன வர்ற பொறிவண்டு மட்டும் வெளியவே நின்னுரும். அதான் சிக்கல்.

நாத்து விதைக்கிறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே பழைய பெயிண்ட் வாளில சோளம் விதைச்சு வெளிய வைங்க. சோளத்துல வர்ற அசுவினி பெரும்பாலும் புல் வகைலதான் பெருகும், மிளகாய்ல பெருகாது. அத தேடி பொறிவண்டு வந்து முட்டை வச்சதும் வாளிய அப்படியே உள்ள தூக்கிட்டு போயிருங்க. கறுப்பா, குட்டி முதலை மாதிரி ஊர்ந்தா அது பொறிவண்டோட புழு, நசுக்கிறாதீங்க (நான் மொத தடவ நசுக்கினேன்!).

ஓரத்துல கொத்தமல்லிய பூக்க விடுங்க, பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா கொஞ்சம் விதைச்சா பூ விட்டுப்போகாது, அசுவினிக்குள்ள முட்டை வச்சு அத கொல்ற ஒட்டுண்ணி குளவிக்கும், அசுவினிய தின்னுற புழுவோட தாயான மலர் ஈக்கும் அந்த தேன்தான் சாப்பாடு. நம்ம பக்கம் உப்புத் தண்ணிக்கு சோளம் ஓரளவு தாங்கும், கொத்தமல்லி தாங்காது, அதுக்கு மட்டும் மழத்தண்ணி இருந்தா ஊத்துங்க.

எறும்ப கவனிங்க, அது அசுவினிக்கு காவல்காரன், பொறிவண்ட விரட்டிரும். வாளிய தண்ணி தட்டுல வைங்க. மஞ்சள் ஒட்டுப்பொறி நெறைய தொங்கவிட்டா குளவியும் சேந்து ஒட்டிக்கும், மருந்து அடிச்சீங்கன்னா மொத்தமும் காலி.