வயதான நாய்க்கு நம்ம மாத்திரை வேண்டாம்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் பக்கம் கிழட்டு நாய்கள் பெரும்பாலும் வாரிசு வழியில்தான் கைமாறுகின்றன. சாட்ஸ்வர்த்தில் தாத்தா காலமாகிறார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, பாத்திரம் யாருக்கு, டிவி யாருக்கு என்று பேசி முடித்த பிறகுதான் வாசற்படியில் படுத்திருக்கும் நாயின் ஞாபகம் வருகிறது. மனசு கேட்காமல் ஒரு பேத்தி கூட்டிக்கொண்டு போகிறாள். குட்டி வளர்த்த பழக்கம்கூட இருக்காது, நேரே பன்னிரண்டு வயது நாயோடு ஆரம்பம். நான் வயதான நாய்களை எடுத்து வைத்துக்கொள்கிறவன் என்று தெரிந்து அப்படிப்பட்டவர்கள் கேட்க வருவார்கள். எல்லோரும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். அதில் பாதி ஆரம்பத்தில் நானும் செய்தவை என்பதால் அதிகம் திட்டுவதில்லை, ஒன்றைத் தவிர.

சாக்லேட், திராட்சை, வெங்காயம், பிரியாணி எலும்பு கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வலிக்கு நம்ம மாத்திரை

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு அக்கா வந்தார். அவருடைய அல்சேஷன் கலப்பு நாய் 30 கிலோ. பின்னங்கால் மூட்டுவலியில் படி ஏற முடியாமல் கீழேயே நின்றுவிடும். நாய்க்கு மூட்டுவலி என்றால் டாக்டர் மெலாக்சிகம் கொடுப்பார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரரின் முதுகுவலி மாத்திரைப் பெட்டியிலும் அதே பெயர். "அதே மருந்துதானே" என்று ராத்திரிக்கு ஒன்றாகச் சோற்றில் பிசைந்து கொடுத்தார். முதல் இரண்டு நாள் நாய் கேட் வரைக்கும் ஓடியது, அக்காவுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாந்தி எடுத்தது. மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தது. முந்தின நாள் போட்ட ஈரல்தான் காரணம் என்று நினைத்து இன்னும் ஒரு நாள் விட்டுவிட்டார். உண்மையில் அது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம், குடலில் செரித்துக் கறுப்பாகி வெளியே வந்திருக்கிறது. ட்ரிப், புண்ணுக்கு மருந்து, ஆயிரக்கணக்கில் ராண்ட் செலவு. நாய் பிழைத்தது. சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கணக்கைப் பாருங்கள். நாய்க்கு மெலாக்சிகம் வழக்கமாகக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை. முதல் நாள் மட்டும் இரட்டிப்பு. அந்த நாய்க்கு நாளுக்கு 3 மில்லிகிராம் வருகிறது. அக்கா கொடுத்த மாத்திரை 15 மில்லிகிராம், அதாவது ஐந்து மடங்கு. 6 கிலோ பொமரேனியனாக இருந்திருந்தால் 7.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பன்னிரண்டு மடங்கைத் தாண்டியிருக்கும். இதைப் படித்துவிட்டு வீட்டில் கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிடாதீர்கள். அளவு சரியாக இருந்தாலும் அந்த நாய்க்கு அந்த மருந்து ஆகுமா என்பது வேறு கேள்வி.

இந்த வகை மருந்துகள் உடம்பில் வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் ஒரு சுரப்பைத் தடுக்கின்றன. அதே சுரப்புதான் இரைப்பைச் சுவரையும் காக்கிறது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. இளம் நாய்க்குத் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடுதல். வயதான நாயின் சிறுநீரகத்தில் ஏற்கெனவே எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறுவதற்குள் முக்கால்வாசி வேலைத்திறன் போயிருக்கும். "நல்லாத்தானே இருந்துச்சு" என்று சொல்கிறவர்களுக்குக் கோபப்படாமல் பதில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் இதைவிட மோசம், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பனடோ, அதாவது பாராசிட்டமால், வயிற்றுக்குப் பாதகமில்லை என்று கொடுக்கிறார்கள். அது அடிப்பது ஈரலை. பூனைக்கோ ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுக்கும். ஆயா தலைவலிக்கு டீயோடு போட்டுக்கொள்ளும் கிராண்ட்பா பவுடரில் ஆஸ்பிரின், பாராசிட்டமால், கஃபீன் மூன்றும் இருக்கின்றன, நாய்க்கு மூன்றுமே தொல்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. வீட்டில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போனால், அது உடம்பை விட்டு இறங்கும்வரை டாக்டர் சரியான வலி மருந்தைத் தொடங்க முடியாமல் போகும். வெட்கப்பட்டு மறைத்தால் இன்னும் ஆபத்து. ஏற்கெனவே கார்ட்டிசோன் (ஸ்டீராய்டு மருந்து) சாப்பிடும் நாய்க்கு இந்த மருந்து சேர்ந்தால் வயிறு ஓட்டை விழலாம். ஆகவே கொடுத்திருந்தால் பெட்டியையே கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

முறையாகப் போனால் எடை பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், நாய்க்கென்றே செய்த மருந்தைச் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்வார்கள். பாதி நாய்களுக்கு அதற்கு முன்னால் எடையைக் குறைக்கச் சொல்வார்கள். தாத்தா வீட்டு நாய்கள் ரொட்டி, நெய், கறிக்குழம்பு என்று வளர்ந்தவை. எடை இறங்கினாலே மூட்டுக்குப் பாதி நிம்மதி.

"வயசாயிடுச்சு, அப்படித்தான்"

நாய் படுத்தே கிடந்தால் வயசு என்று சொல்லிவிடுகிறார்கள். நம் ஊரில் கோடைக்காலம் என்றால் உண்ணி, உண்ணி என்றால் பிலியரி, அதாவது உண்ணிக்கடியால் ரத்தத்தில் தொற்றும் நோய். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால், அல்லது சிறுநீர் கறுத்த டீ நிறத்தில் வந்தால், திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள். உண்ணி கண்ணில் படவில்லை என்பதால் பிலியரி இல்லை என்று ஆகாது, கடித்துவிட்டு விழுந்திருக்கும்.

ராத்திரி தண்ணீரை எடுத்து வைப்பது

வீட்டுக்குள் சிறுநீர் போகிறது என்று தண்ணீர்ப் பாத்திரத்தை எடுத்துவிடுகிறார்கள். அதிகம் குடிப்பதே சிறுநீரகம், சர்க்கரை, ஹார்மோன் என்று ஏதோ ஒன்றின் அறிகுறியாக இருக்கலாம். சிறுநீரகம் கெட்ட நாய்க்குத் தண்ணீரை நிறுத்தினால் ஒரே ராத்திரியில் நிலைமை தலைகீழாகும். பாத்திரத்தை வையுங்கள், பழைய துணி விரியுங்கள், காலையில் பிடித்த சிறுநீரை ஒரு சுத்தமான டப்பாவில் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

டைல்ஸ் தரை

கிழட்டு நாய்க்குக் கால் வழுக்கும். ரப்பர் பாய் போடுங்கள், நகத்தை வெட்டுங்கள்.

வாய் நாற்றம்

வயசு நாற்றம் என்று ஒன்று கிடையாது. நாயின் பல்லை டாக்டரிடம் காட்டுங்கள்.

"வெளியே போறதே இல்லை, ஊசி எதுக்கு?"

எங்கள் மாகாணமான குவாசுலு-நட்டாலில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது. நாய்க்கு அந்த ஊசி போடுவது சட்டப்படி கட்டாயம். நாய் வெளியே போகாவிட்டாலும் தெருநாய் வேலிக்கு வரும்.

தீபாவளியும் நவம்பர் 5ம்

நவம்பர் 5 கை ஃபாக்ஸ் நாள், அன்றும் வெடி வெடிப்பார்கள். இரண்டும் சில வருஷம் ஒட்டி ஒட்டி வரும், வெடிச்சத்தம் வாரக்கணக்கில் ஓயாது. காது மந்தமான நாய்க்குக்கூட அதிர்வு தெரியும், கண் தெரியாத நாய்க்குப் பயம் இரட்டிப்பு. பொழுது சாயும் முன்பே நாயை நடக்கக் கூட்டிப்போய்விட்டு உள்ளே கொண்டுவாருங்கள், திரையை இழுத்து விடுங்கள், கேட்டைப் பூட்டுங்கள். அமைதிப்படுத்தும் மருந்து தேவைப்படும் என்று தோன்றினால் இரண்டு வாரம் முன்னதாகவே டாக்டரிடம் போய்க் கேளுங்கள். இதயம் பலவீனமான நாய்க்கு எல்லா மருந்தும் ஆகாது, அதைப் பரிசோதிக்க அவருக்கும் நேரம் வேண்டும்.