இது மால்ட்டா, இனிப்பா? ஸ்காட்டிஷ் ஏல் டேஸ்ட் பண்ணி மார்க் போடுறது எப்படி

லாகர் (கிங்ஃபிஷர் மாதிரி பீர்) மட்டுமே குடிச்சுப் பழகினவங்க கைல ஒரு ஸ்காட்டிஷ் ஏல் (ஸ்காட்லாந்து ஸ்டைல் பீர்) குடுத்தா, மொத மடக்குலயே "என்னங்க ஒரே இனிப்பா இருக்கு"ன்னு கிளாஸை கீழ வெச்சிருவாங்க. முக்காவாசி நேரம் அது இனிப்பே கிடையாது, மால்ட் (முளைகட்டி உலத்தின பார்லி) வாசனை. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சிட்டா மீதி எல்லாம் சுலபம், அதனால ஸ்டெப் 4-ஐ மட்டும் நிதானமா படிங்க, மத்ததை வேகமா தாண்டிப் போனாலும் ஒண்ணும் குறையாது.

ஸ்டெப் 1: எதை வாங்குறது

லேபிள்ல 60, 70, 80, 90 ஷில்லிங்னு இருக்கும். 19ஆம் நூற்றாண்டுல ஒரு பீப்பாய்க்கு போட்ட விலை அது, விலை ஏற ஏற சரக்கும் ஸ்ட்ராங். ஷில்லிங் கணக்கு (பழைய பிரிட்டிஷ் பணம்) 1971-லயே போயிருச்சு, நம்பர் மட்டும் நின்னுருச்சு. இப்போதைய ஸ்டைல் கணக்குல ஆல்கஹால் 60 (லைட்) 2.5–3.3%, 70 (ஹெவி) 3.3–3.9%, 80 (எக்ஸ்போர்ட்) 3.9-லேர்ந்து 6% வரைக்கும். அதுக்கு மேல 6.5-ல ஆரம்பிச்சு 10% வரைக்கும் போறது வீ ஹெவி. எடின்பரோ பப்ல "ஹெவி"ன்னு கேட்டா வர்றது நம்மூர் கிங்ஃபிஷரை விட லேசான சரக்கு, ஆனா "வீ ஹெவி"ன்னு போட்ட பாட்டில் அந்த ஹெவியை விட டபுள் மடங்கு இருக்கும், குழப்பிக்காதீங்க.

ஆரம்பிக்கிறவங்களுக்கு என் சாய்ஸ், டன்பார் ஊர்ல 1719-லேர்ந்து ஓடுற பெல்ஹேவன் ப்ரூவரியோட (பீர் காய்ச்சுற இடம்) ஏல் ஒண்ணு, கூடவே டிராக்வேர் ஹவுஸ் ஏல் (7.2%) ஒண்ணு. லேசானது ஒண்ணும் ஸ்ட்ராங்கானது ஒண்ணும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் வித்தியாசம் பிடிபடும். டிராக்வேர் கதையே தனி: இன்னர்லீதன் பக்கம் ஒரு பழைய மாளிகை, அங்க சும்மா கிடந்த பழைய ப்ரூவரியை வீட்டுக்காரர் பீட்டர் மேக்ஸ்வெல் ஸ்டூவர்ட் 1965-ல தூசி தட்டி மறுபடி ஓட வெச்சாரு, இன்னிக்கும் ஓக் மரத்தொட்டிலதான் நொதிக்க விடுறாங்க. அவங்களோட ஜேக்கபைட் ஏல்ல கொத்தமல்லி விதை போடுவாங்க, நம்ம மூக்கு அதை ஒரு செகண்ட்ல கண்டுபிடிச்சிரும், ஆனா பழகுறதுக்கு அது வேணாம். ஆர்க்னி தீவோட ஸ்கல் ஸ்ப்ளிட்டரும் (8.5%) இப்போதைக்கு வேணாம், பேரைப் பாத்து ஆசைப்பட்டு முதல்ல அதைத் திறந்தா அப்புறம் வர்ற எதுவும் தண்ணி மாதிரிதான் தெரியும்.

ஸ்காட்லாந்துல இருக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். கடைல காலை 10-லேர்ந்து ராத்திரி 10 வரைக்கும்தான் விப்பாங்க. டேஸ்ட்டிங்தானேன்னு காரை எடுத்துட்டு வராதீங்க, 2014 டிசம்பர்லேர்ந்து ஸ்காட்லாந்துல வண்டி ஓட்டுறவங்களுக்கு லிமிட் 100 மிலி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால், இங்கிலாந்துல இன்னும் 80.

ஸ்டெப் 2: கிளாஸ், சூடு

திசில் கிளாஸ்னு அழகா ஒண்ணு விப்பாங்க, போட்டோவுக்கு நல்லா இருக்கும். எனக்கு சாதா வைன் கிளாஸ் போதும், வாய் குறுகலா இருக்கிறதால வாசனை உள்ளயே நிக்கும். ஃப்ரீசர்ல வெச்சு பனி படிஞ்ச கிளாஸ் மட்டும் கூடவே கூடாது.

பாட்டில் ஃப்ரிட்ஜ்ல இருந்தா எடுத்து வெளிய வெச்சிருங்க, 10–13 டிகிரி வரணும். ஃப்ரிட்ஜோட 4 டிகிரியில மால்ட் வாசனை மேல எழும்பவே எழும்பாது, வெறும் கேஸும் லேசான கசப்பும்தான் தெரியும். ஒரு சமையல் தெர்மாமீட்டர் வாங்கிக்கோங்க, "ரூம் டெம்பரேச்சர்"ங்கிற பேச்செல்லாம் சென்னைக்கு ஒண்ணு எடின்பரோவுக்கு ஒண்ணு.

கிச்சன்ல தாளிப்பு நடக்கிறப்ப, ஊதுபத்தி எரியிறப்ப, சென்ட் அடிச்சுக்கிட்டு இதையெல்லாம் செய்யாதீங்க. பெருங்காயத்துக்கு முன்னாடி எந்த ஏலும் நிக்காது.

ஸ்டெப் 3: பாருங்க, மோந்து பாருங்க

60–90 மிலி ஊத்துனா போதும். ஊத்தின உடனே மூக்கைக் கொண்டு போங்க, கலரை அப்புறம் பாத்துக்கலாம், ஏன்னா சில வாசனை ஒரு நிமிஷத்துல பறந்துரும். சின்னச் சின்னதா ரெண்டு மூணு தடவை இழுங்க, கிளாஸ் வாயை உள்ளங்கையால மூடி லேசா சுத்திட்டு மறுபடி. கேரமல், டாஃபி, பிஸ்கட், வறுத்த பிரெட் வரணும், வீ ஹெவியா இருந்தா உலர்ந்த திராட்சை, பிளம் கூட வரும். ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு குடுக்கிற பூ) வாசனை இருந்தா பேருக்கு இருக்கும்.

இங்க ஒரு சிக்கல். டாஃபி வாசனையும், டையசிட்டைல்னு சொல்ற வெண்ணெய் வாசனையும் கிட்டத்தட்ட ஒண்ணு போலவே தெரியும். தியேட்டர் பாப்கார்ன் வாசனை அடிச்சு, குடிக்கிறப்ப நாக்குல எண்ணெய் தடவினாப்ல ஒரு வழவழப்பு இருந்தா அது டையசிட்டைல். ஈஸ்ட் தானே அதை உண்டாக்கி தானே திரும்ப எடுத்துக்கணும், அதுக்கு டைம் குடுக்காம சீக்கிரம் குளிர வெச்சா பீர்லயே தங்கிரும். பப்ல குழாயைச் சரியா கழுவலைன்னாலும் வரும், அதனால பப்ல குடிச்சதை வெச்சு ப்ரூவரியைத் திட்டாதீங்க.

கலருக்கு பின்னாடி ஒரு வெள்ளைப் பேப்பர் பிடிங்க, செம்புக் கலர்லேர்ந்து பழுப்பு வரைக்கும், வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா ஓரத்துல சிவப்பு தெரியணும். கருப்பா இருந்தா ஸ்ட்ராங்னு நினைக்காதீங்க, 60 ஷில்லிங்ல கலருக்காகவே கேரமல் சேக்கிறதால அது 70-ஐ விடக் கருப்பா இருக்கிறது சகஜம்.

ஸ்டெப் 4: மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிங்க

நிஜமாத்தான் சொல்றேன். ரெண்டு விரலால மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு வாய் எடுத்து நாக்கு பூரா பரவ விடுங்க. இப்ப என்ன தெரியுது? இனிப்பு, கசப்பு, துளி புளிப்பு, நுரையோட முறுமுறுப்பு. கேரமலும் கிடையாது பிஸ்கட்டும் கிடையாது. அந்த நிலைமைல இனிப்பு எவ்ளோ இருக்குன்னு மனசுல ஒரு நம்பர் போட்டுக்கோங்க. முழுங்கிட்டு, விரலை எடுத்து, மூக்கு வழியா மூச்சை வெளிய விடுங்க. தொண்டை வழியா டாஃபி குபுக்குனு மேல ஏறும் பாருங்க, அதுதான் மால்ட். சின்ன வயசுலேர்ந்து இந்த வாசனை வந்தப்பெல்லாம் கூடவே சர்க்கரையும் வந்திருக்கு, அதனால வாசனை வந்தாலே மூளை இனிப்புன்னு கணக்கு எழுதிரும்.

முளைகட்டின பார்லியை சூட்டுல உலத்துறப்ப சர்க்கரையும் அமினோ அமிலமும் சேந்து பண்ற வேலைதான் இந்த வாசனை, பிரெட் மேல்தோல் சிவக்கிற அதே மெயிலார்ட் வினை. அந்த பார்லியிலேர்ந்து வர்ற சர்க்கரைல பெரும்பங்கை ஈஸ்ட் தின்னுரும், மிச்சம் நிக்கிற டெக்ஸ்ட்ரின் (ஈஸ்ட்டால தின்ன முடியாத மாவுச்சத்துத் துண்டு) அவ்வளவா இனிக்காது, வாய்க்கு ஒரு கனம்தான் குடுக்கும். நிறைய பேரு கூடவே கொஞ்சூண்டு வறுத்த பார்லி போடுவாங்க, அதனாலதான் நல்ல 80 ஷில்லிங் முழுங்கின பிறகு நாக்கு காஞ்சாப்ல முடியும்.

இப்ப டிராக்வேரை எடுத்து அதே மாதிரி பண்ணுங்க. மூக்கைப் பிடிச்சாலும் கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருக்கும், வீ ஹெவியில நிஜமாவே சர்க்கரை தங்கும், கூடவே ஆல்கஹால் சூடு நெஞ்சுல இறங்கும். ரெண்டையும் மாத்தி மாத்தி செஞ்சா ஒரே சாயங்காலத்துல பிடிபட்டுரும். நடுவுல தண்ணியும் உப்பு இல்லாத பிரெட்டும் போதும், மிக்சர் பாக்கெட்டை எல்லாம் முடிஞ்சதும் பிரிச்சுக்கலாம்.

ஸ்டெப் 5: மார்க்

ஆப்ல ஸ்டார் போடுறது எனக்குப் பிடிக்காது, மத்தவங்க போட்ட ஸ்டாரைப் பாத்ததும் நம்ம மூக்கும் அப்படியே சாஞ்சிரும். ஒரு நோட்டுல பிஜேசிபி (பீர் போட்டி ஜட்ஜுங்களுக்கு சர்டிபிகேட் குடுக்கிற அமைப்பு) ஜட்ஜுங்க போடுற கணக்குல எழுதுங்க: வாசனை 12, தோற்றம் 3, ருசி 20, வாய்ல இருக்கிற கனம், கேஸ் எல்லாம் 5, மொத்தத்துல எப்படி 10, ஆக 50. 30-க்கு மேல வந்தா நல்ல பீர், 38-க்கு மேல வந்தா இன்னொரு பாட்டில் வாங்கலாம். கலருக்கு வெறும் 3 மார்க்தான்னு கவனிங்க. மார்க்கை விட பக்கத்துல எழுதுற வரிதான் முக்கியம், "நல்லா இருக்கு"ன்னு எழுதாம "பிஸ்கட், காஞ்ச முடிவு, கேஸ் கம்மி"ன்னு எழுதுனா அடுத்த மாசம் படிச்சாலும் புரியும்.

அப்டேட்: புகை வாசனையே வரலைன்னு கமெண்ட்ல ரெண்டு மூணு பேரு. வரக்கூடாதுங்க. பீட் (எரிக்கிறதுக்கு வெட்டி எடுக்கிற சதுப்புநில மண்) புகை ஐலா தீவு விஸ்கியோட சமாச்சாரம், ஏலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அமெரிக்கால சில கிராஃப்ட் ப்ரூவரிங்க ஸ்காட்லாந்துன்னாலே புகைன்னு நினைச்சு பீட் மால்ட்டைப் போட்டுட்டாங்க. அதே மாதிரி, ஸ்காட்லாந்துல ஹாப்ஸ் விளையாததாலதான் கசப்பு கம்மின்னு ஒரு கதை சுத்துது, அதுவும் தப்பு, 19ஆம் நூற்றாண்டுல எடின்பரோக்காரங்க ஹாப்ஸை இறக்குமதி பண்ணி பேல் ஏல் (ஹாப்ஸ் கசப்பு தூக்கலான வெளிர் நிற ஏல்) காய்ச்சி உலகம் பூரா கப்பல்ல அனுப்பினவங்க.

இன்னொரு அப்டேட்: ஈரமான அட்டைப்பெட்டி வாசனைன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. அது பழசு, காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆனது, தேதி பாத்து வாங்குங்க. நுரையே நிக்கலைன்னு கேட்டவருக்கு: இந்த ஸ்டைல்ல கேஸ் கம்மிதான், ஆனா சுத்தமா நிக்கலைன்னா கிளாஸ்ல எண்ணெய்ப்பசை இருக்கலாம். கிளாஸை நனைச்சு உள்ள உப்பைத் தூவிப் பாருங்க, உப்பு ஒட்டாத இடத்துல பிசுக்கு இருக்குன்னு அர்த்தம், வெந்நீர்ல நல்லா அலசி துணியால துடைக்காம கவுத்து வெச்சு காய விடுங்க.