ஆங்கோபேத்தாலஜி மேற்பயிற்சி: எங்கே சேருவது, சேர்ந்த பிறகு என்ன செய்வது

எம்.டி. பேத்தாலஜி முடித்தாயிற்று, அடுத்து ஆங்கோபேத்தாலஜி, அதாவது கேன்சர் பேத்தாலஜி பக்கம் போகலாம் என்று இருக்கிறேன், எங்கே சேரட்டும் என்று கேட்கும் ஜூனியர் டாக்டர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

வழி இரண்டு. நீட் எஸ்.எஸ். என்ற சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு எழுதி 3 வருட டி.எம். ஆங்கோபேத்தாலஜி சேரலாம், மும்பை டாடா மெமோரியல் மாதிரி சில இடங்களில்தான் இருக்கிறது, சீட்டு குறைவு. இல்லையென்றால் பெரிய கேன்சர் மருத்துவமனைகள் தரும் ஃபெல்லோஷிப். டி.எம். கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படிப்பதைவிட நல்ல ஃபெல்லோஷிப்பில் சேர்ந்து தினமும் கேஸ் பார்ப்பது மேல் என்பது என் கருத்து.

நல்லது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கே இப்போது இருக்கும் ஃபெல்லோ ஒருவருக்குப் போன் போடுங்கள். கிராஸிங் (எடுத்த உறுப்பைக் கண்ணால் பார்த்து, அளந்து, ஸ்லைடுக்கு வேண்டிய துண்டுகளை வெட்டி எடுப்பது) யார் செய்கிறார்கள்? ஃபிரோசன் (ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறையவைத்து வெட்டிப் பார்ப்பது) வந்தால் ஸ்லைடை முதலில் உங்களிடம் தந்து "என்ன நினைக்கிறாய், சொல்" என்று கேட்பார்களா, அல்லது சீனியர் பார்த்து ரிப்போர்ட் போன பிறகுதான் உங்கள் கைக்கு வருமா? டியூமர் போர்டில் (பல துறை டாக்டர்கள் கூடிச் சிகிச்சையை முடிவுசெய்யும் கூட்டம்) ஸ்லைடைக் காட்டிப் பேசுவது யார்? ஃபிஷ், என்.ஜி.எஸ். மாதிரி மரபணுச் சோதனைகள் எல்லாம் உள்ளேயே நடக்கிறதா? இந்த நாலுக்கும் வரும் பதிலை வைத்து முடிவெடுங்கள், கட்டடத்தைப் பார்த்து எடுக்காதீர்கள்.

சேர்ந்தாயிற்று என்றால் முதல் மூன்று மாதம் கிராஸிங் மேஜையை விட்டு நகராதீர்கள். எம்.டி.யிலேயே செய்தாயிற்றே என்று தோன்றும். ஆனால் கேன்சர் ரிப்போர்ட்டில் பாதி அங்கேதான் எழுதப்படுகிறது.

நாக்குப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊரில் புகையிலை புண்ணியத்தில் அதற்குப் பஞ்சமே இருக்காது. கேன்சரின் நிலையைக் குறிக்க நாம் பின்பற்றும் ஏ.ஜே.சி.சி. நூலின் 8-ஆம் பதிப்பிலிருந்து கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதும் டி நிலையை (கட்டி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதற்கான எண்) மாற்றும்: 2 செ.மீ.க்குள் இருக்கும் கட்டி 5 மி.மீ. வரை இறங்கியிருந்தால் டி1, அதைத் தாண்டினால் டி2. இதை அளப்பது கொத்தனார் தூக்குக்குண்டு விடுகிற மாதிரிதான். பக்கத்தில் இருக்கும் நல்ல சளிப்படலத்தின் அடிச்சவ்வை ஒட்டி ஒரு கோடு, அதிலிருந்து நேர் கீழே கட்டி தொட்ட கடைசிப் புள்ளி வரை. புடைத்து நிற்கும் கட்டியில் துருத்திய பாகத்தையும் சேர்த்து அளந்தால் ஆழம் கூடிப்போகும். குழிந்து புண்ணானதில் புண்ணின் தரையிலிருந்து அளந்தால் குறைந்துபோகும். சரி, அந்தக் கோட்டை எங்கே போடுவது, ஸ்லைடில் நல்ல சளிப்படலமே வரவில்லை என்றால்? கட்டியின் ஆழமான இடமும் பக்கத்து நல்ல சளிப்படலமும் ஒரே பிளாக்கில் (ஸ்லைடுக்காக மெழுகில் பதிக்கும் துண்டு) வருகிற மாதிரி, மேற்பரப்புக்குச் செங்குத்தாக வெட்டியிருக்க வேண்டும். சாய்த்து வெட்டிவிட்டால் அப்புறம் எந்த மைக்ராஸ்கோப்பும் காப்பாற்றாது. பெருங்குடலிலும் அப்படித்தான், குறைந்தது 12 நிணநீர் முடிச்சு வேண்டும் என்றால் 7 கிடைத்ததும் எழுந்துவிடாமல், கொழுப்பை விரலுக்கிடையில் வைத்து நசுக்கி நசுக்கி, பாசிப்பயறு அளவு இருப்பதைக்கூட விடாமல் தேட வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சனிக்கிழமை சாயங்காலம் எடுத்த மார்பகம் ஒன்று கீறல்கூட விழாமல் முழுசாக ஃபார்மலினில் கிடந்து, திங்கள் காலைதான் என் மேஜைக்கு வந்தது. ஃபார்மலின் மணிக்கு சுமார் 1 மி.மீ.தான் உள்ளே போகும். வெட்டிப் பார்த்தால் நடுவில் கட்டி குழைந்து சாம்பல் பூத்திருந்தது, ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) நெகட்டிவ் என்று வந்தது. பக்கத்திலேயே இருந்த சாதாரணப் பால்நாளங்களிலும் நிறம் ஏறவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்து, ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஊசி பயாப்ஸியில் திரும்பச் செய்தோம், பளிச்சென்று பாசிட்டிவ். அந்த அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரை கிடைக்காமலே போயிருக்கும். அதனால் ஐ.எச்.சி. (இப்படிப் புரதத்தை நிறமேற்றிக் காட்டும் சோதனை) ஸ்லைடு எது வந்தாலும் முதலில் கன்ட்ரோலை, அதாவது நிறம் ஏறியே தீர வேண்டிய திசுவைப் பாருங்கள், அப்புறம்தான் கட்டியை. மார்பகப் புற்றில் பார்க்கும் ஹெர்2 புரதம் 2+ (உறுதியில்லாத நடு நிலை) என்றால் இழுத்துப் பிடித்து 3+ ஆக்க வேண்டாம், ஃபிஷ்ஷுக்கு அனுப்புங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். சீனியர் பார்க்கும் முன் உங்கள் டயக்னோசிஸ் ஒரு வரி, பக்கத்தில் அவர் சொன்னது, ஏன் மாறியது. ஃபிரோசனில் சொன்னதும் பிறகு பாரஃபினில் (மெழுகில் பதித்துச் செய்த ஸ்லைடு) வந்ததும் தனிப் பக்கம். ஆறு மாதம் கழித்துப் புரட்டினால் நீங்கள் எந்த உறுப்பில் சறுக்குகிறீர்கள் என்று தெரிந்துவிடும். எனக்கு அது தைராய்டு. அங்கே போய் மறுபடி உட்காருங்கள்.

படிப்புக்கு டபிள்யூ.எச்.ஓ. கட்டி வகைப்பாட்டு நூல்களின் 5-ஆம் பதிப்பு, துறை நூலகத்திலேயே இருக்கும். கேன்சர் ரிப்போர்ட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் சி.ஏ.பி. புரோட்டோகால், ஐ.சி.சி.ஆர். படிவங்கள் இரண்டும் இணையத்தில் இலவசம், பிரிண்ட் எடுத்து மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

டியூமர் போர்டைத் தவறவிடாதீர்கள். மார்ஜின் (கட்டிக்கும் வெட்டிய ஓரத்துக்கும் உள்ள இடைவெளி) 'நெருக்கம்' என்று நாம் போகிற போக்கில் எழுதுவதை வைத்துக்கொண்டு சர்ஜனும் ரேடியேஷன் டாக்டரும் பத்து நிமிஷம் வாதாடுவதை ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த ரிப்போர்ட்டில் எத்தனை மி.மீ., எந்தப் பக்கம் என்று தானாகவே எழுதுவீர்கள்.

முடித்துவிட்டு மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பினால் முதல் வாரமே தியேட்டருக்குப் போங்கள். ஸ்பெசிமன் போடும் டப்பாக்கள் எந்த அளவில் இருக்கின்றன என்று பாருங்கள், ஃபார்மலின் ஸ்பெசிமனைப்போல் பத்து மடங்கு வேண்டும். சிஸ்டரிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து, பெரிய ஸ்பெசிமன் வெளியே வந்ததும், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும், கூப்பிடச் சொல்லுங்கள்.