குக்கீ தட்டில் ஓடிப் பரவுகிறதா? நம்மூர் வெயிலில் தவிர்க்க வேண்டியவை

சாக்லேட் சிப் குக்கீயில் நடக்கும் தவறுகளில் பாதி, ஓவனைப் போடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எல்லாக் குறிப்பிலும் "வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்" என்று இருக்கும். யாருடைய அறை என்பதுதான் கேள்வி. இந்தக் குக்கீ பிறந்தது 1930களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், விட்மன் என்ற ஊரில் ரூத் வேக்ஃபீல்டு நடத்திய டோல் ஹவுஸ் விடுதியில். அங்கே எழுதப்படும் குறிப்புகளில் அறை வெப்பநிலை என்றால் சுமார் 20 டிகிரி. சித்திரை மாத மத்தியானத்தில் ஈரோட்டிலோ கரூரிலோ சமையல்கட்டு 35 டிகிரிக்கு மேல் கொதிக்கும். வெண்ணெய் உருகுவதே அந்தச் சூட்டில்தான்.

சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது வெண்ணெய்க்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் தங்க வேண்டும். பாதி உருகிய வெண்ணெயில் அவை தங்காது. அந்த மாவு ஓவனுக்குள் போனதும் ஓடிப் பரவி, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே தகடாகிவிடும். அதனால் வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரல் உள்ளே புதையக்கூடாது. மேலே பளபளப்புத் தெரிந்தால் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் விடியற்காலையில் செய்வதே நல்லது.

ஊத்துக்குளி வெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது வேறு எதற்கு என்று தோன்றும். எனக்கும் அதன் வாசம்தான் பிடிக்கும். ஆனால் உப்பு போட்ட டேபிள் பட்டரில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளை வெண்ணெய்க்கு 76 போதும். மிச்சத்தில் பெரும்பங்கு தண்ணீர். அழுத்தினால் முத்து முத்தாக நீர் கசியும் வெண்ணெய் என்றால், சுத்தமான துணியில் வைத்து ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் எடை போடுங்கள். அதில் உப்பு இல்லாததால் மாவில் அரை டீஸ்பூன் உப்பு சேர்க்க மறக்கக்கூடாது. உப்பில்லாத குக்கீயில் இனிப்பு மட்டும்தான் தெரியும், சாக்லேட் தெரியாது.

அடுத்தது சர்க்கரை. பிரவுன் சுகருக்குப் பதில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை அருமையாகப் பொருந்தும். ஆரோக்கியம் என்று முழுவதும் அதையே போடுவதுதான் தவறு. வெள்ளைச் சர்க்கரைதான் ஓரத்தை மொறுமொறுப்பாக்குகிறது. நாட்டுச் சர்க்கரை ஈரத்தைப் பிடித்து நடுவை மெத்தென்று வைக்கிறது. அது மட்டும் இருந்தால் குக்கீ கேக் போலாகி, வெல்ல வாசம் சாக்லேட்டை அமுக்கிவிடும். சரிபாதி போடுங்கள். 115 கிராம் வெண்ணெய்க்கு இரண்டிலும் 75 கிராம், ஒரு முட்டை, 150 கிராம் மைதா, அரை டீஸ்பூன் சமையல் சோடா, 170 கிராம் சாக்லேட். நாட்டுச் சர்க்கரையைச் சலித்துக்கொள்ளுங்கள், கட்டி இருந்தால் அந்த இடத்தில் கருகும்.

மைதாவைக் கப்பை விட்டு அள்ளாதீர்கள். அழுத்தி அள்ளினால் ஒரு கப்பிலேயே 30 கிராம் கூடிவிடும், குக்கீ வறட்டி மாதிரி ஆகிவிடும். தராசு வாங்கிவிடுங்கள். மைதா சேர்த்த பின் வெள்ளை மறையும் வரை கலந்தால் போதும்.

பிசைந்த மாவை ஒரு மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் வைக்காமல் ஓவனுக்கு அனுப்பாதீர்கள். நம்மூரில் இதை விட்டால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தும் பலனில்லை. ஓ.டி.ஜி. என்கிற சின்ன மின்சார ஓவனை 175 டிகிரியில் கால் மணி நேரம் சூடு செய்த பிறகே தட்டு உள்ளே போக வேண்டும். முதல் ஈடு எடுத்த சூட்டுத் தட்டிலேயே அடுத்த ஈட்டை வைப்பதும் கெடுதல். ஓவனுக்குப் போகும் முன்பே அடிப்பக்கம் உருகத் தொடங்கிவிடும்.

சாக்லேட் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கோக்கோ பட்டருக்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு என்றிருந்தால் அது காம்பவுண்ட் சாக்லேட். வாயில் மெழுகாக ஒட்டும். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோக்கோ விளைகிறது. நம்மூர்க் கொட்டையிலேயே சாக்லேட் செய்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டியைக் கத்தியால் நறுக்கிப் போட்டால் ருசியே வேறு.

பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகும், நடு இன்னும் மெத்தென்றே இருக்கும். அப்போதே எடுத்துவிட வேண்டும். வீட்டில் அம்மிச்சி இருந்தால், "மாவு மாவா இருக்குதே கண்ணு, இன்னும் கொஞ்ச நேரம் வேகட்டும்" என்பார். கேட்காதீர்கள். தட்டின் சூட்டிலேயே ஐந்து நிமிடத்தில் நடுவும் இறுகிவிடும். இறுகும் வரை ஓவனில் விட்டால், ஆறியபின் பல்லுக்குத்தான் வேலை.