குரல் மட்டும் கேட்கவில்லையா? போனில் இருந்து கார் அம்ப் வரை வயர் சோதிக்கும் முறை

"பரந்தனில் இருந்து மாங்குளம் வரை தபேலாவும் வயலினும் நல்லாய்க் கேட்டது, பாடுகிறவரின் குரலைத்தான் காணவில்லை" என்று ஒரு ஓட்டோக்கார அண்ணன் வந்து நின்றார். அம்ப், அதாவது பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கக் காசும் சேர்த்திருந்தார். அம்பில் ஒரு குறையும் இல்லை. காசு செலவழிக்க முதல் நீங்களும் இந்த ஒழுங்கில் பார்த்துவிடுங்கள். வோல்ட் அளக்கும் ஒரு மல்ரிமீற்றர் இருந்தால் போதும்.

முதலில் கரண்ட். அம்பில் கரண்டுக்கு மூன்று முனைகள் இருக்கும்: 12 வோல்ட், ஏர்த், அம்பை எழுப்பும் ரெம். 12 வோல்ட் முனைக்கும் ஏர்த்துக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். எஞ்சின் நிற்கும்போது 12.5 அளவிலும், ஓடும்போது 13.5க்கு மேலேயும் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கும் பியூஸைக் கழற்றி மீற்றரால் பாருங்கள். கண்ணுக்கு நல்லதாகத் தெரிகிற பியூஸும் உள்ளே அறுந்திருக்கும்.

ரெம் முனையில்தான் புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுகிறார்கள். வாகனத்தில் ரேடியோ செட் இருந்தால் அதுவே ரெம்முக்கு 12 வோல்ட் கொடுத்து அம்பை எழுப்பும். போன் அதைக் கொடுக்காது. அதனால் திறப்பைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற, பியூஸ் உள்ள ஒரு வயரில் இருந்து எடுங்கள். பற்றரியில் நேரே கொழுவினால் இரவு முழுக்க அம்ப் விழித்திருக்கும், விடிய வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அடுத்தது ஏர்த். ஏர்த் வயரை வண்டியின் இரும்பு உடம்போடு பூட்டும் போல்ட் எங்கள் கிறவல் ரோட்டுக் குலுக்கலில் தளரும். முல்லைத்தீவுக் கரைப் பக்கம் உப்புக்காற்றில் துருவும் பிடிக்கும். போல்ட்டைக் கழற்றி, பெயின்ற் போய் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்கள். பிறகு பாட்டைச் சத்தமாகப் போட்டு, பற்றரியின் நெகட்டிவுக்கும் அம்பின் ஏர்த்துக்கும் இடையில் வோல்ட் பாருங்கள். 0.2க்கு மேல் காட்டினால் ஏர்த் இன்னும் சரியில்லை.

இனி போனில் இருந்து அம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் வயர். அம்ப் பக்கம் கொழுவியபடியே இருக்க, போன் பக்கத்தைக் கழற்றி, அம்பின் சத்தத்தை நன்றாகக் குறைத்து, போனில் குத்தும் ஜாக்கின் முனையை விரலால் தொடுங்கள். "ம்ம்" என்று இரைந்தால் அம்பும் ஸ்பீக்கரும் நலம். பிழை போனிலோ அடாப்டரிலோ, இல்லாவிட்டால் இந்த வயரின் ஏர்த்திலோ இருக்கலாம். டைப் சி அடாப்டர்களில் சில, ஒரு போனில் பாடும், இன்னொன்றில் ஊமையாகிவிடும். போனை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த ஜாக்கைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம் அதை மூன்றாகப் பிரிக்கும். முனை இடது, நடு வலது, அடி ஏர்த். அடியில் இருக்கும் ஏர்த் அறுந்தால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். பாடகர் குரலை இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவதால் அது ஒன்றையொன்று அழித்துவிடும். ஓட்டோ அண்ணனுக்கு நடந்தது இதுதான். ஜாக்கின் கழுத்தில் வயர் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருந்தது. புது வயர் போட்டதும் குரல் வந்துவிட்டது.

எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறைகிற கீச்சொலி வேறு கதை. முறிகண்டியில் கச்சான் வாங்க எப்படியும் நிறுத்துவீர்கள், அங்கே எஞ்சினை ஓடவிட்டுப் போன் சார்ஜரைப் பிடுங்குங்கள். கீச்சொலி நின்றால் சார்ஜர் வழியும் போன் வயர் வழியும் ஏர்த் இரண்டு பாதையில் போகிறது. போன் வயரின் நடுவில் ஏர்த்தைப் பிரித்துப் பாட்டை மட்டும் விடும் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் போட்டால் தீரும்.

போனில் இருந்து வருகிற ஒலியை அம்ப் எவ்வளவு பெருக்குவது என்று வைக்கும் திருகுதான் கெயின். அதைக் கடைசியில்தான் சரிப்படுத்தவேண்டும். போன் சத்தத்தை முக்கால் பங்குக்கு மேல் வைத்து, கெயினை அடியில் இருந்து மெல்லத் திருப்பி, பாட்டு உடைகிற இடத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள். அப்புறம் ஜாக்குக்குப் பக்கத்தில் வயரை ஒரு சுற்றுத் தளர்வாக விட்டுக் கட்டிவிடுங்கள், குலுக்கல் அதன் கழுத்தை இழுக்காது.