ஒற்றை பெடலில் எலெக்ட்ரிக் கார்: கால் பழகும் முறை

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பெட்ரோல் கார் கொஞ்ச தூரம் உருண்டுகொண்டே போகும். பல எலெக்ட்ரிக் கார்களில் அப்படி எடுத்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போலிருக்கும். ஓட்டுபவரைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் குமட்டும்.

சக்கரத்தைச் சுழற்றிய அதே மோட்டாரை இப்போது சக்கரம் சுழற்றுகிறது. மோட்டார் ஜெனரேட்டராகி, மின்சாரத்தைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. வண்டியின் வேகம்தான் அப்படி மின்சாரமாக மாறுகிறது. இதுதான் ரீஜென் பிரேக்கிங். பெடலை முழுக்க விட்டாலே வண்டி நின்றுவிடும் அளவுக்கு இது அமைந்திருந்தால் ஒற்றை பெடல் ஓட்டம். நிசான் லீஃபில் இ-பெடல் என்றும், ஹூண்டாய், கியா கார்களில் ஐ-பெடல் என்றும் பெயர்.

படி 1: ஆளில்லாத நேரான சாலையில், ரீஜென் அளவைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். சில கார்களில் அதை ஸ்டீயரிங்கின் பின்னாலுள்ள, விரலால் இழுக்கும் சிறு நெம்பில் (பேடில்) மாற்றலாம், சிலவற்றில் திரையில்.

படி 2: குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, பாதத்தை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். பழகவேண்டியது பெரும்பாலும் இது ஒன்றுதான். பெட்ரோல் காரில் நமக்குக் காலை அழுத்தவோ எடுக்கவோதான் தெரியும். இங்கே பெடலின் நடுவில் ஓர் இடம் உண்டு. அங்கே வைத்தால் வண்டி இழுக்கவும் செய்யாது, பிடிக்கவும் செய்யாது, சும்மா உருளும். சில கார்களின் பவர் மீட்டரில் முள் பூஜ்யத்தில் நிற்பதைப் பார்க்கலாம். அந்த இடம் காலுக்குத் தெரிந்துவிட்டால் குலுக்கல் போய்விடும். வேகம் மாறமாற அந்த இடமும் கொஞ்சம் நகரும். அதனால் வெவ்வேறு வேகங்களில் தேடிப் பாருங்கள்.

படி 3: ரீஜென் அளவை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். காலை எடுத்தாலே வண்டி நிற்கும் அளவுக்கு வந்ததும், தூரத்தில் ஒரு கம்பத்தைக் குறிவைத்து, பிரேக்கைத் தொடாமல் அதன் அருகே நிறுத்திப் பாருங்கள். முதலில் முன்னாலேயே நின்றுவிடும்.

படி 4: நடுநடுவே வேண்டுமென்றே பிரேக்கையும் மிதியுங்கள். திடீரென்று ஒருவர் குறுக்கே வந்தால் ரீஜென் போதாது. கால் தானாக பிரேக்குக்குப் போகவேண்டும். இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

எவ்வளவு மின்சாரம் திரும்பும்? 1,500 கிலோ கார் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 0.16 யூனிட். 50 கி.மீ. வேகத்தில் அதில் கால்வாசிதான். மின்சாரம் பேட்டரிக்குள் போகும்போதும் அங்கிருந்து மோட்டாருக்குத் திரும்பும்போதும் இழப்பு இருப்பதால் அது முழுதாகவும் கிடைக்காது. ஆகவே முன்னால் சாலை காலியாக இருந்தால், பிடித்து மீட்பதைவிட உருளவிடுவதே லாபம். மலையிறக்கத்தில் கதை வேறு: அதே கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் 2 யூனிட் அளவு ஆற்றல் வெளிப்படும். அங்கே ரீஜெனை முழுதாகக் கூட்டிவையுங்கள்.

பேட்டரி நிரம்பியிருந்தால் மின்சாரம் போக இடமில்லை, கடுங்குளிரில் பேட்டரி அதை அதிகம் வாங்காது. இரண்டு நேரத்திலும் பல கார்களில் ரீஜென் குறைந்துவிடும். நேற்று நின்ற தூரத்தில் இன்று நிற்காது. மலைமேல் தங்கினால் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். ஈரச் சாலையிலும் அளவைக் குறைப்பது நல்லது. ரீஜென் மோட்டார் உள்ள சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், அவை வழுக்கலாம்.

பிரேக் விளக்கு எரியுமா என்று பலர் கேட்கிறார்கள். ஐ.நா. வாகன விதி 13-எச்-ஐப் பின்பற்றும் கார்களில், ரீஜெனால் வேகம் குறையும் வீதம் 1.3 மீ/வி² தாண்டினால் விளக்கு எரிந்தாக வேண்டும். லேசாகத் தளர்த்தும்போது எரியாமல் போகலாம், பின்னால் வருபவரைக் கண்ணாடியில் கவனியுங்கள்.

அதிகம் தேயாததால் பிரேக் டிஸ்க்கில் துரு படியும். அவ்வப்போது பாதுகாப்பான இடத்தில் ரீஜெனைக் குறைத்து, பிரேக்கை நன்றாக மிதித்து நிறுத்தினால் அது உரசிப் போய்விடும்.