சானாப் மானியம்: டர்பனிலிருந்து தென்துருவ ஆய்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் தேசிய அண்டார்டிகா திட்டமான சானாப்பில் பணம் இரண்டு கைகளிலிருந்து வருகிறது. ஆய்வு மானியத்தை அறிவியல் துறையின் சார்பில் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை (என்.ஆர்.எஃப்.) கொடுக்கிறது. எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 கப்பலும், அண்டார்டிகாவில் உள்ள சானே 4, தென் இந்தியப் பெருங்கடலின் மேரியன் தீவு, தென் அட்லாண்டிக்கின் கஃப் தீவு ஆகிய ஆய்வுத் தளங்களுக்கான போக்குவரத்தும் சுற்றுச்சூழல் துறையின் பொறுப்பு. மானியக் கடிதம் வந்ததுமே கப்பலில் இடம் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்வதால்தான் பல திட்டங்கள் துறைமுகத்திலேயே நின்றுவிடுகின்றன. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

மாணவர் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகப் பணியில் இருக்கும் ஆய்வாளர் ஒருவரே முதன்மை விண்ணப்பதாரர். ஆகவே முதலில் வழிகாட்டியைப் பிடியுங்கள். விண்ணப்பம் என்.ஆர்.எஃப். கனெக்ட் இணையதளம் வழியாகப் போகும். இடையில் பல்கலைக்கழக ஆராய்ச்சி அலுவலகம் அதைச் சரிபார்க்கும் என்பதால், அவர்கள் வைக்கும் கடைசி நாள் என்.ஆர்.எஃப். அறிவிப்பில் உள்ளதற்கு முன்பே வந்துவிடும். நாட்காட்டியில் குறிக்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

கால அட்டவணையைக் கப்பலிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். தளத்தில் பழைய குழுவை மாற்றிப் புதிய குழுவை இறக்கும் 'டேக்ஓவர்' பயணம் பொதுவாக மேரியனுக்கு ஏப்ரல்–மே, கஃபுக்கு செப்டம்பர், சானேவுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. எல்லாம் கேப் டவுனிலிருந்துதான். டர்பனிலிருந்து அங்கே சரக்கு அனுப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவி விலை டாலரிலோ யூரோவிலோ இருந்தால் ராண்ட் சரிவுக்கும் இடம் விடுங்கள். கேபிள், ஃபியூஸ், பேட்டரி எதுவானாலும் இரண்டாக வாங்குங்கள்: ஒரு கேபிள் அறுந்தால் அடுத்த கப்பல் ஓராண்டு கழித்துத்தான். ஒவ்வொரு பெட்டியின் எடையையும் கன அளவையும் முன்பே எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் கடைசிக் கட்டத்தில் தூக்கப்போவது ஹெலிகாப்டர். லித்தியம் பேட்டரியைத் தனியாக அறிவிக்க வேண்டும்.

அனுமதி இடத்துக்கு இடம் மாறும். மேரியன் 1995 முதல் சிறப்பு இயற்கைக் காப்பகம். கஃப், பிரிட்டனின் ட்ரிஸ்டன் டா குன்யா ஆட்சிப் பகுதியைச் சேர்ந்தது. அங்கிருந்தும் அனுமதி வேண்டும். அண்டார்டிகாவில், அதன் சுற்றுச்சூழலைக் காக்கும் 1991 மாட்ரிட் உடன்படிக்கைப்படி சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். விலங்குகளைத் தொடும் ஆய்வென்றால் பல்கலைக்கழக ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதல் இதற்கும் முன்னால்.

தீவுக்குப் போகும் துணிமணியில் விதை ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெல்க்ரோ, காலுறை, பை மடிப்பு எல்லாவற்றையும் தட்டி, தூசி உறிஞ்சியால் சுத்தம் செய்யுங்கள். நம் வீட்டுப் பைகளில் கடுகும் வெந்தயமும் ஒளிந்திருக்கும். பழைய பை வேண்டாம், புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

ஆய்வுப் பட்டம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. டீசல் மெக்கானிக், மின்பொறியாளர், மருத்துவர் ஆகியோரைத் தளத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கும் குழுக்களுக்குச் சுற்றுச்சூழல் துறை சம்பளத்தோடு எடுக்கிறது. அதற்கு அரசு வேலைக்கான விண்ணப்பமான இசட் 83 படிவம். கையெழுத்தில்லாத படிவம் பரிசீலனைக்கே போகாது.